மாவுப்பூச்சி ஓடாது, அம்மா

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மதுரையில். மொட்டை மாடியில் இரண்டு வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன், நாற்பது பைகளுக்கு மேல் இருக்கும். கத்தரிச் செடிகளில் கொழுந்து திடீர் திடீரென்று வாடித் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றுகிறேன், நிற்கவில்லை. பறிக்கிற காயில் பாதிக்கு மேல் உள்ளே புழு. அவரைக் கொடியில் கருப்பாக அசுவினி அப்பிக் கிடக்கிறது, கூடவே எறும்பு. வெண்டை இலை மஞ்சளாகிவிட்டது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அதில் சில பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சை ஒட்டிக்கொண்டு வேகமாக ஓடுகின்றன. அவற்றைத் தினமும் தேடிப் பிடித்து நசுக்குகிறேன். வாரம் இரண்டு தடவை இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் ஒரு தடவை வேப்பெண்ணெயும் அடிக்கிறேன். போன வாரம் எண்ணெய் அடித்ததில் இலைகள் கருகிப்போயின. வெறுத்துப்போய்ப் பூச்சிமருந்துக் கடையில் கேட்டேன். ஒரு பாட்டிலைக் கொடுத்து, "ஒரே தடவை அடிங்கம்மா, ஒரு பூச்சி இருக்காது" என்றார். இன்னும் திறக்கவில்லை. என் பேத்தி மாடிக்கு வந்தால் தக்காளியைப் பறித்து, பாவாடையில் துடைத்து அப்படியே தின்பவள். மருந்து அடிக்கலாமா, இல்லை தோட்டத்தையே எடுத்துவிடலாமா?

பதில்: அம்மாவுக்கு வணக்கம். பாட்டிலைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். தோட்டத்தை எடுக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது நான்கு தனித்தனித் தொல்லைகள். நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து தேடுவதால்தான் எதுவும் அடங்கவில்லை. ஆனால் அவற்றையெல்லாம்விட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் படித்துத்தான் பதறிப்போனேன். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சோடு ஓடுகிற பூச்சியைத் தேடித் தேடி நசுக்குகிறீர்களே, அது.

மாவுப்பூச்சி ஓடாது. குஞ்சாக, கண்ணுக்குத் தட்டுப்படாத அளவில் இருக்கும்போது கொஞ்சம் ஊர்ந்து இடம் தேடும். நல்ல தண்டாகப் பார்த்து வாயூசியைக் குத்திவிட்டால், பெரும்பாலும் பிறகு அதே இடம்தான். சாறு குடிக்கும், மெழுகு மாவைப் போர்த்திக்கொள்ளும், முட்டைப் பையைக் கட்டும், அவ்வளவே அதன் வேலை. அதற்கு நடுவில் ஒன்று பெரிதாக, வெள்ளைச் சடை தொங்கத் தொங்க விறுவிறுவென்று போகிறது என்றால், அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்த ஆள். கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு. காப்பித் தோட்டங்களைக் கெடுத்த பூச்சிகளை ஒடுக்குவதற்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டதால் இப்போது நம்மூர்ப் பிரஜைதான். வளர்ந்த வண்டு மிளகைவிடச் சிறியது, கரும்பழுப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். அதன் புழுவோ, தான் தின்னும் பூச்சியைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு திரியும். எறும்புகளிடமிருந்து தப்பிக்க அந்த வேஷம் அதற்கு உதவுகிறது. உங்கள் கட்டைவிரலிடமிருந்துதான் தப்பவில்லை.

இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். கொத்துகளில் மாவுப்பூச்சி. பெரிது பெரிதாக ஓடுகிற வெள்ளைப் புழுக்களைக் காட்டி, "இதுதான் தாய், முதலில் இதை வழித்துப் போடுங்கள்" என்று பெரிய மனுஷன்போல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் என் மேலதிகாரி அதே தோட்டத்துக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு புழுவை இலையோடு பறித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "இதன் வாயில் என்ன இருக்கிறது பார்" என்றார். பாதி தின்ற மாவுப்பூச்சி இருந்தது. அந்தத் தோட்டத்துக்காரர் அவற்றைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சந்தேகம் வந்தால் ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் சோம்பலாக அசையும். பொறிவண்டுப் புழு ஓடும். இன்னொரு விருந்தாளியும் அங்கே இருக்கலாம். ஸ்பால்ஜிஸ் என்று ஒரு சின்னப் பட்டாம்பூச்சி. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதுவும் மேலே மாவைப் பூசிக்கொண்டு மெதுவாக ஊரும். அடையாளம் காண எளிது அதன் கூட்டுப்புழு. இலையிலோ தண்டிலோ பழுப்பாக, உளுந்தைவிடப் பெரிதாக ஒட்டியிருக்கும். நேராகப் பார்த்தால் இரண்டு கண், மூக்கு என்று அசல் குரங்கு முகம். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், சிரித்துவிடுவாள். அது கண்ணில் பட்டால் அந்தச் செடியில் எந்தக் கரைசலும் அடிக்கக் கூடாது.

கரைசல் மட்டும் போதாதா, இந்தக் குட்டிப் பூச்சிகள் என்ன செய்துவிடும் என்று தோன்றும். 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி கிடையாது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. நான் அப்போது ஈரோட்டுப் பக்கம் வேலையில் இருந்தேன். மல்பெரிச் செடி வெள்ளையடித்த சுவர் மாதிரி நிற்கும். மருந்து அடித்தால் பட்டுப்புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது, பட்டு விவசாயி என்ன செய்வார்? அடித்தவர்களுக்கும் பலன் இல்லை. மெழுகு மாவுக்குள் மருந்து இறங்குவதில்லை, பதினைந்து நாளில் பழையபடி ஆகிவிடும். கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்கு வரவழைத்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்கிற குளவிதான் வேலையை முடித்தது. உருவத்தில் எள்ளைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. அதன் பிறகு அந்தப் பூச்சி அவ்வளவு பெரிய தொல்லையாக இல்லை. விடுவதற்கு முன்னால் விவசாயிகளிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மருந்து அடிக்காதீர்கள்.

ஆகவே செம்பருத்திக்கு என் யோசனை இது. நசுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அடர்ந்து வெள்ளையாகிவிட்ட நுனிகளை வெட்டுங்கள், வெட்டுமுன் அதில் ஓடுகிற புழு இருந்தால் பக்கத்துக் கிளைக்கு மாற்றிவிடுங்கள். தண்டுக் கணுக்களில் ஒட்டியிருக்கும் மீதியை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். மூன்று வாரம் பொறுங்கள்.

அவரைக்கு வருவோம். பனி விழுகிற தை, மாசியில் அசுவினி வருவது வழக்கம்தான். இந்தப் பூச்சியின் சாமர்த்தியம் அது பெருகுகிற விதத்தில் இருக்கிறது. ஆண் தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. தாய் நேரடியாகக் குட்டி போடும், ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டியே தாயாகிவிடும். காலையில் நான்கு இருந்த கொழுந்தில் மறுவாரம் நானூறு இருப்பது அதனால்தான். அது குடித்த சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாக வெளியே விடும். எறும்பு வருவது அதற்காக. நாம் மாட்டுக்குக் காவல் இருப்பதுபோல எறும்பு அசுவினிக்குக் காவல் இருக்கிறது. பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும், ஒரு கொழுந்து முற்றினால் இன்னொரு கொழுந்துக்குத் தூக்கிக்கொண்டும் போகும். எறும்பை ஒழிக்காமல் அசுவினிக்கு மட்டும் மருந்து அடிப்பது காவல்காரனை விட்டுவிட்டு மாட்டைத் திட்டுவது மாதிரி.

பந்தல் கால்கள் தரையில் நிற்கின்றனவா, சுவரில் கட்டியிருக்கின்றனவா என்று எழுதவில்லை. தரையில் நின்றால் ஒவ்வொரு காலையும் ஒரு பழைய கிண்ணத்தில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கொசு முட்டையிடாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுவரைத் தொடுகிற கொடியை நறுக்கிவிடுங்கள், எறும்புக்கு அதுதான் பாலம். பிறகு குழாயில் விரலை வைத்து அழுத்தி, கொழுந்தின் அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். காலையில், தொடர்ந்து மூன்று நாள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பகுதி திரும்பிச் செடி ஏறாது. காசில்லாத வைத்தியம் என்பதால் யாரும் இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பீய்ச்சுவதற்கு முன் ஒரு இலையைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கருப்பு அசுவினிகளுக்கு நடுவே சில வைக்கோல் நிறத்தில், உப்பி, மினுமினுவென்று அசையாமல் இருக்கின்றனவா? முதுகில் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருக்கிறதா? அவை வெறும் ஓடு. உள்ளே வளர்ந்த குளவி ஓட்டை போட்டு வெளியேறிவிட்டது. அப்படி நாலைந்து தெரிந்தால் அந்தக் கொழுந்தை விட்டுவிடுங்கள், உங்கள் வேலையை வேறு ஆள் செய்துகொண்டிருக்கிறார். சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலைபோல ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டுக் குஞ்சு. நூல்போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. இரண்டும் அசுவினியைத் தின்பவை.

பொறிவண்டு எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கத்தரி இலையில் அதே உருவத்தில், ஆனால் பளபளப்பு இல்லாமல், மேலே பூனைமுடி படர்ந்த மாதிரி மங்கலாக, முதுகில் இருபத்தெட்டு புள்ளியோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். எபிலாக்னா வண்டு. அதன் புழு மஞ்சளாக, முள் முள்ளாக இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டிவிட்டுச் சல்லடையாக்கும். பளபளத்தால் நண்பன், மங்கினால் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடனைத் தாராளமாக நசுக்கலாம்.

இனி கத்தரிக்காய். இதில்தான் மற்ற எதையும்விட உங்களுக்கு உழைப்பு இருக்கிறது.

நாளைக் காலையில் வாடித் தொங்குகிற கொழுந்து ஒன்றைப் பாருங்கள். கீழ் இலைகள் நிமிர்ந்து நிற்கின்றனவா? பைக்குள் விரலை விட்டால் மண் ஈரமாக இருக்கிறதா? அப்படியென்றால் செடிக்குத் தாகமே இல்லை. தண்ணீர் குறைந்தால் செடி முழுக்கத் துவளும், ஒரு நுனி மட்டும் தொங்காது. அந்த நுனியை நறுக்கி, பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். நடுத்தண்டு குடைந்து, கரும்பொடி அடைத்துக் கிடக்கும். கொஞ்சம் கீழே போனால் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சின்னப் புழு சுருண்டு இருக்கும். தண்டு, காய்த் துளைப்பான் என்று பெயர். நீங்கள் காலையும் மாலையும் ஊற்றிய தண்ணீர் வேரை அழுகவைத்துவிடாமல் இருந்ததே அதிர்ஷ்டம். இனி மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் உள்ள ஒரு சிறு அந்துப்பூச்சி இரவில் வந்து இலையடியிலும் கொழுந்திலும் காய்க்காம்பின் பச்சைத் தொப்பியிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். சில நாளில் பொரிக்கிற புழு இலையில் உட்கார்ந்து நேரம் கழிக்காது, உடனே துளைத்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் வேப்பெண்ணெய் அடித்தாலும் சரி, கடைக்காரர் பாட்டிலை அடித்தாலும் சரி, அது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறது. காய்க்குள் போகும்போது துளை மிகச் சிறிதாக இருப்பதால் வெளியே காய் மொழுமொழுவென்றே இருக்கும். நீங்கள் பார்க்கிற பெரிய ஓட்டை, தின்று முடித்து வெளியேறிய ஓட்டை. வெளியேறியது சருகிலோ மேல்மண்ணிலோ கூடு கட்டி, மறுபடி அந்துப்பூச்சியாகக் கிளம்பும். எல்லாம் உங்கள் மாடியிலேயே நடக்கிற சுற்று.

இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் என்று நாடே பேசியது. 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார், வங்கதேசம் 2013-ல் அனுமதித்துவிட்டது. அந்த வழக்கு நமக்கு எதற்கு? உங்களிடம் இருப்பது ஏக்கர் கணக்கில் இல்லை, சில செடிகள். விவசாயியால் முடியாதது உங்களால் முடியும். ஒவ்வொரு கொழுந்தையும் கையால் தொட்டுப் பார்க்க முடியும்.

வாரத்தில் இரண்டு நாள், கிழமையைக் குறித்துக்கொண்டு, வாடின நுனியையெல்லாம் நறுக்குங்கள். வாடின இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு அங்குலம் கீழே, தண்டு நடுவில் கறுப்பில்லாமல் வெள்ளையாகத் தெரிகிற இடம்வரை. செடி பாவம் என்று பார்க்காதீர்கள், பக்கக் கிளை வரும். சொத்தைக் காயையும் அன்றே பறித்துவிடுங்கள், பிஞ்சாக இருந்தாலும். நறுக்கியதை மட்கு தொட்டியில் போட்டால் புழு அங்கேயே வளர்ந்து கூடு கட்டிவிடும். மாடியிலிருந்து கீழே எறிந்தாலும் திரும்பி வரும். சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு நாள் முழுக அமுக்கி வையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். மதுரை வெயிலுக்கு எந்தப் புழுவும் தாங்காது. பைகளுக்குள் விழுந்த சருகைப் பொறுக்கிவிடுங்கள். இதை இடைவிடாமல் ஒன்றரை மாதம் செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டால் எண்ணிக்கை ஏறிவிடும்.

பெண் அந்துவின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று மாட்டலாம். இந்தப் புழுவுக்கென்றே வாசனை வில்லை கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும், வேறு புழுவின் வில்லைக்கு இது வராது. ஆண் அந்துகள் மட்டும்தான் அதில் விழும். விழுந்ததை எண்ணிப் பார்த்தால் வரத்து கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இந்தச் செடிகள் எத்தனை மாதத்தவை? ஒரு வருடம் தாண்டியிருந்தால் எனக்கு அவற்றின்மேல் ஆசை இல்லை. பங்குனியோடு பிடுங்கிவிடுங்கள். மண்கலவையைச் சித்திரை வெயிலில் தார்ப்பாயில் பரப்பி, மேலே கண்ணாடித்தாள் மூடிப் பத்துப் பதினைந்து நாள் காயவிடுங்கள், ஒளிந்திருக்கிற கூட்டுப்புழு வெந்துவிடும். இடையில் இரண்டு மாதமாவது மாடியில் கத்தரியே இருக்கக் கூடாது. ஆனியில் நாற்று விட்டு ஆடியில் நடுங்கள். நட்ட அன்றே நான்கு குச்சி ஊன்றி, கொசுவலைத் துணியால் கூடாரம் போட்டுவிட்டால் அந்துவுக்கு உள்ளே வழியில்லை. வலைக்குள் தேனீ வராதே, காய் பிடிக்குமா என்று கேட்பீர்கள். கத்தரிப்பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். காலையில் பூத்த கிளையை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

வெண்டையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிந்து, பிறகு இலை முழுக்க வெளுத்து, காயும் வெளிறிப் போயிருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், வெள்ளை ஈ கொண்டுவருவது. மருந்து கிடையாது. யாராவது இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன், ஈக்கள் சோம்பலாக இருக்கும்போது, செடியின்மேல் ஒரு பெரிய பையைக் கவிழ்த்து, வாயைப் பிடித்துக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். சும்மா ஆட்டிப் பிடுங்கினால் அத்தனை ஈயும் பறந்து அடுத்த செடியில் உட்காரும். அதில் காய்த்த காயைச் சமைக்கலாம், அந்த வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. அடுத்த விதை வாங்கும்போது தேமல் தாங்கும் ரகமாகக் கேளுங்கள், அர்கா அனாமிகா மாதிரி. ரகத்தை வைத்தும் முழு நிம்மதி கிடையாது. மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டும். வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

வேப்பெண்ணெய் இலையைக் கருக்கியது வேம்பின் குற்றமில்லை. எவ்வளவு ஊற்றினீர்கள், எப்போது அடித்தீர்கள் என்று எழுதவில்லை. கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அளவு கூடியது, எண்ணெய் தண்ணீரில் கரையாமல் திட்டுத் திட்டாக விழுந்தது, வெயிலில் அடித்தது. ஒரு லிட்டருக்கு 5 மில்லி போதும், ஒரு தேக்கரண்டி. அதை முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பை விட்டு விரலால் குழப்புங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் பால்போல வெளுக்கும். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் அடிக்காதீர்கள், இன்னும் இரண்டு சொட்டு சோப்பு விடுங்கள். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். மாலை ஐந்துக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும் என்பதாலும் மாலைதான் நல்லது. புதுச் செடியில் முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வேம்பு உடனே கொல்லாது. தின்ன விடாது, தோலுரிக்க விடாது, அப்படியே நாளாகச் சாகும். மறுநாள் காலையில் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று இரண்டாம் தடவை அடிப்பவர்கள்தான் செடியைக் கெடுக்கிறார்கள். தேவைப்படும் செடிக்கு மட்டும், வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் எண்ணெய்கூட வேண்டாம். உடைத்த பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சோப்பு சேர்த்தால் கடை எண்ணெயைவிட நம்பகமாக வேலை செய்யும். பழைய கொட்டைக்கு வீரியம் இருக்காது.

இஞ்சி பூண்டு மிளகாயைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. சும்மா இருக்கிற செடிக்கெல்லாம் அட்டவணை போட்டு வாரம் இரண்டு முறை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காரம் அசுவினிக்கு ஒரு நியாயம், பொறிவண்டுக் குஞ்சுக்கு ஒரு நியாயம் என்று பார்க்காது. நாட்டு மருந்து என்பதாலேயே சாது என்று அர்த்தமில்லை, புகையிலையும் நாட்டுச் சரக்குதான். கரைசலை நிறுத்துங்கள். உரமாக மீன் அமிலமும் ஊற்றுகிறவர் என்றால் அதையும் குறையுங்கள். தழைச்சத்து மிஞ்சிய செடி கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட விருந்து இல்லை. பதிலுக்கு இரண்டு பையில் கொத்தமல்லி தெளித்து, கொஞ்சம் பறித்துக்கொண்டு மீதியைப் பூக்க விடுங்கள். அந்தச் சின்ன வெள்ளைப் பூவின் தேனுக்குத்தான் குளவிகளும் பூ ஈக்களும் வரும்.

இனிப் பாட்டில். பெயரை நீங்கள் எழுதவில்லை, தெரிந்தாலும் என் பதில் மாறாது. அதன்மேல் சாய்சதுரமாக ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. துண்டுச்சீட்டில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். கத்தரி என்ற பெயர் அதில் இல்லையென்றால் பேச்சே இல்லை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் "ஒரே தடவை அடிங்க" என்று காய்கறிக்கு அதைக் கொடுத்த கடையை நானே பார்த்திருக்கிறேன். கத்தரி பெயர் இருந்தாலும் காத்திருப்பு நாளைக் கணக்குப் பாருங்கள். விவசாயி ஒரு வயல் முழுவதும் ஒரே நாளில் பறிப்பார். உங்கள் மாடியில் இன்றைக்கு இரண்டு கத்தரி, நாளைக்கு நான்கு தக்காளி, மறுநாள் ஒரு கை கீரை. ஒரு பையில் அடித்தால் காற்றில் பக்கத்துப் பைக்கும் போகும். எந்தச் செடிக்கு எந்தத் தேதி என்று யார் கணக்கு வைப்பது? செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்தாக இருந்தால் கழுவினாலும் போகாது, பாவாடையில் துடைத்தால் எங்கே போகும்? இத்தனைக்கும் அது காய்க்குள் இருக்கிற புழுவைத் தொடப் போவதில்லை.

முத்திரை உடையவில்லை, அதனால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் சாக்கடையில் ஊற்றவோ சமையலறை அலமாரியில் வைக்கவோ வேண்டாம். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாட்டிலையும், நறுக்கிய கத்தரி நுனி நாலைந்தையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நுனியைக் காட்டினால் பூச்சியை உறுதி செய்வார்கள், இனக்கவர்ச்சி வில்லை எங்கே கிடைக்கும் என்பதையும் பாட்டிலை என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வெயிலில் அலைய முடியாது என்றால் 1800-180-1551 கிசான் அழைப்பு மையத்துக்குப் பேசுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

தக்காளியில் தொல்லை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் அதில் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். பேத்தி தின்னட்டும். வேப்பெண்ணெய் அடித்த வாரம் மட்டும் பக்கத்துச் செடியாக இருந்தாலும் குழாயில் கழுவிக் கொடுங்கள், கசந்தால் அப்புறம் தக்காளியே வேண்டாம் என்பாள்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். கத்தரியில் வாரத்துக்கு எத்தனை நுனி நறுக்கினீர்கள் என்ற எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும். செம்பருத்தியில் அந்தக் குரங்கு முகம் கிடைத்ததா என்றும் எழுதுங்கள்.